மக்காச்சோளத்துக்கு வேமும் டிரைக்கோடெர்மாவும்: உரத்தோடு சேர்த்து இடும் முழு முறை

திருமங்கலம், பேரையூர், டி.கல்லுப்பட்டி, சேடபட்டி பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளம் ஊன்றுகிறவர்களுக்காக எழுதியது இது. கணக்கு எல்லாம் கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு ஏக்கருக்கு, வீரிய ஒட்டு ரகத்துக்கு. மானாவாரிக்கு மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

வேம், டிரைக்கோடெர்மா மாதிரி நன்மை செய்யும் மண் பூஞ்சாணங்களைப் பற்றித் தேடினால் கோதுமையை வைத்து எழுதியது நிறையக் கிடைக்கும். நமக்குக் கோதுமை ரேஷன் கடையோடு சரி. ஆனால் மக்காச்சோளமும் அதே புல் குடும்பம்தான், முறை பெரிதாக மாறாது. ஒரு வித்தியாசம் உண்டு. கோதுமை வேர் மெல்லியது, வேர்த்தூவியும் அதிகம். பூஞ்சாணத்தின் தயவு இல்லாமலே ஓரளவு சமாளித்துக்கொள்ளும். மக்காச்சோளம் பூஞ்சாணத்தோடு சட்டென்று ஒட்டக்கூடியது. வேமைப் பெருக்குகிறவர்கள் மக்காச்சோளத்தை வளர்த்துத்தான் பெருக்குகிறார்கள்.

1. எது எதற்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் போய் "உயிர் உரம் கொடுங்க" என்று கேட்டால் அசோஸ்பைரில்லமோ பாஸ்போபாக்டீரியாவோ கொடுப்பார்கள். இரண்டும் பாக்டீரியா. நல்லவைதான், ஆனால் நாம் பேசுவது அவற்றைப் பற்றி இல்லை.

வேம் என்பது வேர் உட்பூசணம். மைக்கோரைசா என்றும் பை மேல் போட்டிருக்கும். இது உயிருள்ள வேருக்குள் புகுந்து, அங்கிருந்து வெளியே நுண்ணிய இழைகளை மண்ணுக்குள் ஓட விடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் நகரவே நகராத சத்து. வேரை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை வேர் உறிஞ்சிவிட்டால் அந்த இடம் காலி. வேமின் இழை அதைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வந்து கொடுக்கும். கூலியாகப் பயிர் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். உயிருள்ள வேர் இல்லாவிட்டால் இது வளராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவதில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

டிரைக்கோடெர்மா வேறு ஆள். அது தொழு உரத்திலும் மட்கிய குப்பையிலும் தானாக வளரும். வேர் அழுகல், நாற்று அழுகல் உண்டாக்கும் கெட்ட பூஞ்சாணங்களைத் தின்றும் மடக்கியும் வைப்பது அதன் வேலை. உரம் என்பதைவிடக் காவல் என்று சொல்லலாம்.

இரண்டையும் ஒரே வாளியில் கலந்து ஒரே இடத்தில் போடாதீர்கள். டிரைக்கோடெர்மா பூஞ்சாணத்தைத் தின்னும் பூஞ்சாணம். நெருக்கிப் போட்டால் சில சமயம் வேமின் இழையையும் விட்டுவைக்காது. டிரைக்கோடெர்மா முன்கூட்டியே, வயல் முழுக்க. வேம் ஊன்றும் நாளில், விதைக்குக் கீழே. இந்த வரிசைதான் முழு முறைக்கும் அடிப்படை.

2. ஆவணியிலேயே மண் பரிசோதனை

முடிவு அட்டை வரச் சில வாரம் ஆகலாம் என்பதால் ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பே மண் எடுங்கள். உரமும் எருவும் போட்ட பிறகு எடுத்தால் அந்த அட்டை குப்பைக்குத்தான்.

ஆங்கில வி எழுத்து மாதிரி 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் வேண்டாம். பல இடத்து மண்ணைக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

அட்டை வந்ததும் மணிச்சத்து எண்ணை மட்டும் முதலில் பாருங்கள். எக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 11 முதல் 22 வரை நடுத்தரம், 22-க்கு மேலே அதிகம்.

அதிகம் என்று வந்தால் வேமுக்குச் செலவு செய்யாதீர்கள். மணிச்சத்து வேர்ப்பக்கத்திலேயே தாராளமாகக் கிடைக்கும்போது பயிர் பூஞ்சாணத்துக்குச் சர்க்கரை கொடுத்து வளர்க்காது. வாசலில் குழாய் கொட்டும்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு யார் போவார்கள்? அந்தக் காசில் தொழு உரம் வாங்குவது மேல்.

முன்பயிர் என்ன என்பதையும் பாருங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றின் வேரோடு வேம் சேராது. அவற்றுக்குப் பின்னாலும், தண்ணீர் நின்ற நெல்லுக்குப் பின்னாலும், நீண்ட நாள் தரிசு கிடந்த நிலத்திலும் இயற்கையாக இருக்கிற வேம் குறைந்துபோயிருக்கும். வெளியிலிருந்து இட்டால் பலன் தெரிய வாய்ப்புள்ள நிலம் இதுதான். உளுந்து, பாசிப் பயறு, சோளம், பருத்தி எடுத்த நிலத்தில் ஏற்கனவே ஓரளவு இருக்கும்.

3. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒரு ஏக்கருக்கு டிரைக்கோடெர்மா விரிடி 1 கிலோ, குருணை வடிவ வேம் 4 கிலோ. வேம் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பை மேல் எழுதியிருப்பதே இறுதி. தூள் வடிவமும் வருகிறது. அது விதையில் பூசவும் சொட்டுநீரில் விடவும் ஏற்றது. சாலில் போடுவதற்குக் குருணைதான் கைக்கு அடங்கும்.

ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியிலோ வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ முதலில் விசாரியுங்கள். இருப்பு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது, பட்டம் தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

டிரைக்கோடெர்மா பையில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 20 இலட்சம் உயிர்ச்செல் என்று (2×10⁶ என எழுதியிருக்கும்) இருக்க வேண்டும். பூச்சிக்கொல்லிச் சட்டப்படியான பதிவெண்ணும் வேண்டும். வேமுக்குச் சட்டம் வேறு, அது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகிறது. இரண்டிலும் காலாவதித் தேதியைப் பாருங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். செத்த பூஞ்சாணத்துக்கு எந்த விலையும் அதிகம்தான்.

வீட்டில் தகரக் கொட்டகையில், யூரியா மூடை மேல் வைக்காதீர்கள். சித்திரை வெயில் முடிந்தாலும் மதுரையில் தகரத்தின் கீழே சூடு குறைவதில்லை. வீட்டுக்குள் நிழலான மூலை போதும்.

4. விதைப் பையைத் திருப்பிப் படியுங்கள்

புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது. கம்பெனி விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வரும். அந்தச் சாயத்தோடு பூஞ்சாணக்கொல்லியும் பூசியிருக்கும். அதன் மேல் டிரைக்கோடெர்மாவைப் பூசினால் நஞ்சின் மேல் உயிரை ஒட்டியதாகத்தான் அர்த்தம்.

பை மேல் எந்த மருந்து என்று எழுதியிருக்கும். திரம், கார்பென்டாசிம் என்றால் விதையில் எதுவும் பூச வேண்டாம், பூஞ்சாணம் மண் வழியாகவே போகட்டும். இதில் கார்பென்டாசிம் இரண்டு நல்ல பூஞ்சாணங்களுக்குமே ஆகாது. அடிச்சாம்பல் நோய்க்குப் பூசும் மெட்டலாக்சில் அப்படி இல்லை. அது தாக்கும் கூட்டமே வேறு என்பதால் இவற்றைப் பெரிதாகத் தொடாது. படைப்புழுவுக்குப் பூசுவது பூச்சிமருந்து, அதனாலும் கவலை இல்லை.

சாயம் பூசாத விதை கிடைத்தால் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா பூசலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை, அப்படியென்றால் 32 கிராம். ஆறிய சோற்றுக் கஞ்சியைக் கொஞ்சம் தெளித்துப் பிரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றே ஊன்றிவிடுங்கள்.

5. ஊன்றுவதற்கு இரண்டு வாரம் முன்: தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா

1 கிலோ டிரைக்கோடெர்மாவுக்கு 100 கிலோ நன்கு மட்கிய தொழு உரம். நிழலில் பரப்பி, தூளைத் தூவிக் கலந்து, தண்ணீர் தெளித்துக் குவியுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை புரட்டிவிட்டு, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் தயார்.

பிடித்துப் பார்த்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. இதுதான் சரியான ஈரம். அதிகமானால் காற்று போகாமல் புளித்த வாடை வரும்.

புதுச் சாணத்தில் செய்யாதீர்கள். அது மட்கும்போது கிளம்பும் சூட்டில் பூஞ்சாணம் நிற்காது. கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு தெரிந்தால் அது இன்னும் எரு ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரே மண்ணில் தூவினால் ஆகாதா என்று கேட்பார்கள். ஒரு கிலோ தூள் ஒரு ஏக்கரில் எங்கே போய் நிற்கும்? எருவில் பெருகிய பிறகு போனால் எண்ணிக்கையும் கூடும், போன இடத்தில் சாப்பாடும் இருக்கும். கடைசி உழவுக்கு முன், மாலை நேரத்தில், மற்ற தொழு உரத்தோடு சேர்த்து வயல் முழுக்கத் தூவி அன்றே உழுதுவிடுங்கள்.

6. உரக் கணக்கு

இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குத் தமிழ்நாட்டுப் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 250 கிலோ தழை (நைட்ரஜன்), 75 கிலோ மணி, 75 கிலோ சாம்பல் சத்து (பொட்டாஷ்). ஏக்கருக்கு 100, 30, 30 என்று வைத்துக்கொள்ளலாம். மண் அட்டை வேறு எண் சொன்னால் அட்டை சொல்வதுதான் சரி.

30 கிலோ மணிச்சத்து என்றால் 65 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்). ஆனால் நம் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூடை டிஏபி போடுகிறவர்கள் நிறையப் பேர். அது 46 கிலோ மணிச்சத்து. அவ்வளவையும் போட்டுவிட்டு வேமும் போட்டால் பூஞ்சாணம் வேருக்குள் நுழைவதே குறைந்துவிடும். "வேம் போட்டும் ஒண்ணும் தெரியலையே" என்கிறவர்களிடம் எத்தனை மூடை டிஏபி போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மண்ணில் மணிச்சத்து நடுத்தரம் என்றால் கால் பங்கைக் குறையுங்கள். 30-இல் கால் பங்கு போனால் 22.5. ஒரு மூடை டிஏபியில் இருப்பது 23 கிலோ. ஆக ஒரே ஒரு மூடை, நினைவில் வைப்பதும் சுலபம். டிஏபி கிடைக்காத பட்டத்தில் சூப்பர் பாஸ்பேட் 140 கிலோ போடலாம்.

மணிச்சத்து குறைவு என்று வந்த நிலத்தில் முதல் பட்டத்தில் எதையும் குறைக்காதீர்கள். 65 கிலோ டிஏபியும் போட்டு வேமும் போடுங்கள். வேம் மண்ணில் இருப்பதைத் தேடி எடுத்து வரும், இல்லாததை உண்டாக்காது. அதுவும் வேரில் குடியேற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை நாற்றுக்குச் சாப்பாடு அடியுரம்தான். உரத்தை அடியோடு நிறுத்திவிட்டு வேமை மட்டும் நம்புகிறவர்கள் விழுவது இந்த மூன்று வாரத்தில்.

ஒரு மூடை டிஏபி போடும் நிலத்துக்கு அடியுரம் இப்படி: டிஏபி 50 கிலோ, யூரியா 35 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ. தழைச்சத்தில் கால் பங்கு இதோடு போய்விடும். மானாவாரியில் தழைச்சத்தும் மற்றதும் இதில் பாதிக்கும் கீழேதான். அங்கே மழை பெய்வதைப் பார்த்துத்தான் மேலுரம்.

துத்தநாக சல்பேட் போடுவதாக இருந்தால் டிஏபியோடு கலக்காமல் தனியே மணலில் கலந்து தூவுங்கள். இரண்டும் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும், இரண்டுமே வீண்.

7. ஊன்றும் நாள்

முதலில் அடியுரம். சாலில் விதை விழும் இடத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி, 5 செ.மீ. ஆழமாக உரம் இருக்க வேண்டும். விதையோடு ஒட்டினால் உப்பு முளையைக் கருக்கும். வேமுக்கும் அந்த இடம் ஆகாது. உரம் போட்டு மண் மூடிய பிறகுதான் அடுத்தது.

இடைவெளி வரிசைக்கு வரிசை 60 செ.மீ., குழிக்குக் குழி 25 செ.மீ. இந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 27,000 குழி. 4 கிலோ வேமை 27,000-ஆல் வகுத்தால் குழிக்கு ஒரு கிராம்கூட வராது, 0.15 கிராம்தான். இதை வயல் முழுக்கத் தூவினால் வேர் போகும் பாதையில் விழுவது எவ்வளவு இருக்கும்? வேம் காற்றிலோ தண்ணீரிலோ வேரைத் தேடி வராது. வேர்தான் அதன் மேல் போய் இடிக்க வேண்டும். அதனால் விதைக்கு நேர் கீழே போடுவது ஒன்றுதான் வழி.

4 கிலோ குருணையை 50 கிலோ சலித்த, மட்கிய எருவோடு கலந்துகொள்ளுங்கள். டிரைக்கோடெர்மா கலந்த எரு இதற்கு வேண்டாம், வேறு எரு. இப்போது குழிக்கு 2 கிராம், அதாவது ஒரு சிட்டிகை. முன்னால் ஒருவர் சிட்டிகை போட்டுப் போக, பின்னால் ஒருவர் அதன் மேல் விதை போட்டு 4 செ.மீ. ஆழத்தில் மூட வேண்டும். ஆள் பழக்கப்படாவிட்டால் குழிக்கு ஒரு கை போட்டுவிடுவார்கள், கால் ஏக்கரிலேயே தீர்ந்துவிடும். முதல் நாலு சாலில் கூடவே நின்று காட்டுங்கள்.

டிராக்டர் விதைப்புக் கருவி என்றால் அதன் உரப்பெட்டியில் வேமையும் டிஏபியையும் சேர்த்துப் போட்டுவிடுவது வழக்கமான தவறு. டிஏபியை முந்தைய உழவில் போட்டு மூடிவிட்டு, உரப்பெட்டியில் எரு கலந்த வேம் மட்டும் போடுங்கள். சலிக்காத எரு குழாயை அடைக்கும், அதற்காகத்தான் சலிக்கச் சொன்னது.

கலந்த சாக்கை வரப்பில் வெயிலில் வைக்காமல் மரத்தடியில் வையுங்கள். ஊன்றியதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர். கரிசலில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். காற்று இல்லாத மண்ணில் வேரும் திணறும், பூஞ்சாணமும் திணறும்.

நாலு சாலுக்கு வேம் போடாமல் விடுங்கள், மற்ற எல்லாம் ஒன்றுபோல. வரப்போரம் வேண்டாம், வயல் நடுவில். இரண்டு முனையிலும் குச்சி ஊன்றி அடையாளம் வையுங்கள். எதற்கு என்பது ஒன்பதாம் பகுதியில்.

8. மேலுரமும் மருந்தும்

25-ஆம் நாள் தழைச்சத்தில் பாதி, அதாவது யூரியா சுமார் 110 கிலோ. 45-ஆம் நாள் மீதிக் கால் பங்கு, சுமார் 55 கிலோ. ஈரம் இருக்கும்போது போட்டு மண் அணையுங்கள். மேலுரமாக டிஏபியோ காம்ப்ளக்ஸோ போட வேண்டாம். மணிச்சத்து மேலே போட்டால் கீழே இறங்காது, வேமுக்கும் இடைஞ்சல்.

களை வெட்டும்போது ஆழம் போகாதீர்கள். வேர் அறுந்தால் இழையும் அறுந்தது.

இலையில் நோய் வந்து பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் பெரிய கெடுதல் இல்லை. வேரில் ஊற்றுவதுதான் ஆபத்து. கார்பென்டாசிம், தாமிர மருந்து எதையும் தூரில் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

படைப்புழுவுக்கு மெட்டாரைசியம் என்ற இன்னொரு பூஞ்சாணத்தைக் குருத்தில் தெளிக்கிறார்கள். அது புழுவைக் கொல்வது, வேமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் மைக்கோரைசா மாதிரியே காதில் விழுவதால் மாற்றி வாங்கி வந்துவிடுகிறார்கள்.

9. வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது

செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, வேர்ல முடிச்சு ஒண்ணுமே காணோம்" என்பார்கள். முடிச்சு உளுந்திலும் தட்டைப் பயறிலும் ரைசோபியம் பாக்டீரியா உண்டாக்குவது. வேம் கண்ணுக்குத் தெரியாது. வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். எருவில் வெள்ளை நூல் மாதிரித் தெரிவதும் வேம் இல்லை, அது குப்பையை மட்கச் செய்யும் வேறு பூஞ்சாணம்.

நாம் பார்க்கக்கூடியது வேறு. 20-இலிருந்து 35 நாள் வரை அடி இலைகளின் ஓரத்தைப் பாருங்கள். ஊதா நிறம் ஏறுவது மணிச்சத்துப் பற்றாக்குறை. அடையாளம் வைத்த நாலு சாலில் ஊதா அதிகமாகவும் மற்றதில் குறைவாகவும் இருந்தால் வேம் பிடித்திருக்கிறது என்று கொள்ளலாம். மழை இடைவெளி விட்ட நாட்களில் மதிய வெயிலில் எந்தச் சால் முதலில் இலை சுருட்டுகிறது என்பதையும் கவனியுங்கள்.

அறுவடையில், அந்த நாலு சாலின் நடு இரண்டையும், பக்கத்தில் அதே நீளத்தில் இரண்டு சாலையும் தனித்தனியே ஒடித்துக் கதிரை எடை போடுங்கள். பச்சையாக இருந்தது, செழிப்பாக இருந்தது என்பதெல்லாம் பேச்சு. எடையில் வித்தியாசம் இல்லை என்றால் உங்கள் நிலத்தில் ஏற்கனவே வேம் போதுமான அளவு இருக்கிறது, அல்லது மணிச்சத்து அதிகம். அடுத்த பட்டத்தில் வேம் வாங்க வேண்டாம், குறைத்த டிஏபி மட்டும் குறைந்தபடியே இருக்கட்டும்.

10. சொந்தமாகப் பெருக்க நினைப்பவர்களுக்கு

இதை ஆடியிலேயே தொடங்க வேண்டும், அப்போதுதான் புரட்டாசிக்குக் கைக்கு வரும். நிழல் விழாத இடத்தில் 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி. உள்ளே கருப்புப் பாலிதீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான தாதுக் குருணை) ஆவியில் அவித்து ஆறிய 5 கிலோ மண்ணும் கலந்து 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அதில் 2 முதல் 5 செ.மீ. ஆழத்தில் 1 கிலோ வேமைப் பரப்பி மூடி, மேலே மக்காச்சோளம் ஊன்றுங்கள். விதை கண்டிப்பாகச் சாயம் பூசாததாக இருக்க வேண்டும்.

ஊன்றும்போது 2 கிராம் யூரியா, 2 கிராம் சூப்பர், 1 கிராம் பொட்டாஷ். 30, 45-ஆம் நாள்களில் 10 கிராம் யூரியா. குழிக்கே இவ்வளவுதான். "செடி வெளுத்திருக்கே" என்று பாவம் பார்த்து சூப்பரைக் கூட்டினால் செடி வளரும், வேம் வளராது.

60 நாளில் தண்டை வெட்டி எறிந்துவிட்டு வேரைப் பொடியாக நறுக்கி வெர்மிகுலைட்டோடு கலந்தால் 55 கிலோ வரை கிடைக்கும். குழிக்கு 2 கிராம் வீதம் ஒரு ஏக்கருக்குச் சரியாக வரும், எரு தனியே கலக்க வேண்டியதில்லை. சேர்த்து வைக்காமல் அந்தப் பட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.

11. கதிர் ஒடித்த பிறகு

சோளத் தட்டையை மாட்டுக்கு அறுத்துக்கொள்ளுங்கள், தூரை மண்ணிலேயே விடுங்கள். அந்த வேருக்குள்ளும் சுற்றியுள்ள மண்ணிலும்தான் அடுத்த பயிருக்கான வேம் இருக்கிறது. ரோட்டவேட்டரை இரண்டு மூன்று முறை ஓட்டி மாவாக்க வேண்டாம்.

தை, மாசியில் ஈரம் மிச்சமிருந்தால் உளுந்தோ தட்டைப் பயறோ போடுங்கள். வேர் ஓடிக்கொண்டே இருந்தால் வேம் குறையாது. அடுத்த புரட்டாசிக்கு 4 கிலோ பை வாங்க வேண்டுமா என்பதை அந்த வருடத்து நாலு சால் எடையை வைத்து முடிவு செய்யலாம்.